வேகமும் ஐயமும்

வெற்றி பெற்ற இளைஞனை உலகம் இரு வகையாக வரவேற்பது வழக்கம். ஒரு சாரார் மாலையோடு வருவர். மற்றொரு சாரார், "இந்த வயதில் இவனுக்கு இது எவ்வாறு கைகூடிற்று?" என்று ஒருவர் காதோடு ஒருவர் பேசிக்கொண்டு வருவர். பிற துறைகளில் இந்த இரண்டாம் கூட்டத்தாரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிடலாம். சைக்கிள் பந்தயத் துறையில் அவ்வாறு ஒதுக்க இயலவில்லை. அங்கே ஐயுறுவோர் கையில் நெடியதொரு வரலாறு இருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் ஜூலைத் திங்களில் இரவு ஒன்பது மணி வரை கண் விழித்து 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காணும் பிள்ளைகள் உளர். "இவர் மெய்யாகவே இவ்வளவு வேகமாகச் செல்கிறாரா, இல்லை, மருந்தின் வேலையா?" என்று அவர்கள் கேட்டால் பெற்றோர் என்ன விடை கூறுவது? "எல்லாரும் மருந்து உண்பவர்களே" என்பது எளிய விடை. "சோதனையில் அகப்படவில்லை, ஆதலால் தூயவர்" என்பதும் எளிய விடையே. இரண்டும் ஏன் பொருந்தா என்பதை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

டூர் டி பிரான்ஸ் 1903 ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம். மூன்று வாரங்களில், 21 கட்டங்களாக, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தூரத்தை வீரர்கள் கடக்கின்றனர். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். இத்தகைய பந்தயத்தில் வெற்றி என்பது உடல் முற்றி, அனுபவம் கனிந்த முப்பதை அணுகும் வயதினர்க்கே உரியது என்பது நெடுங்கால நம்பிக்கையாக இருந்தது.

அந்நம்பிக்கை அண்மைக் காலத்தில் தகர்ந்தது. 2019 இல் கொலம்பிய நாட்டு ஏகன் பெர்னால் 22 வயதில் வென்றார். மறு ஆண்டு சுலோவீனிய நாட்டு டாடேய் பொகாச்சார் அவரினும் இளையவராய் வந்தார். 2020 செப்டம்பர் 19 அன்று, இறுதிக்கு முந்திய கட்டத்தில், தம் நாட்டவரான பிரிமோஷ் ரோக்லிச்சுக்கு 57 வினாடி பின்தங்கியவராகத் தனியோட்டத்தைத் தொடங்கிய அவர், முடிவில் 59 வினாடி முந்தி நின்றார். மறுநாள் பாரிசில் முடிசூடியபோது அவருக்கு 22 வயது நிரம்ப ஒருநாள் குறைவு.

அவரினும் இளைய வயதில் இப்பந்தயத்தை வென்றவர் அதற்கு முன் ஒருவரே. அவர் 1904 இல் 19 வயதில் வென்ற ஆன்றி கோர்னே. அவர் முடி சூடிய வரலாறும் கேட்கத் தக்கது. பந்தயத்தை அவர் முடித்தது ஐந்தாம் இடத்தில். முதல் நால்வரும் விதி மீறியவர்கள் என்று சில மாதங்களுக்குப் பின் தகுதி நீக்கம் செய்யப்படவே, முதலிடம் அவரை வந்தடைந்தது. ஆக, இப்பந்தயத்தின் இளமைச் சிறப்பும் ஏமாற்றின் நிழலும் இரண்டாம் ஆண்டிலேயே கைகோத்துக்கொண்டன.

அன்று ஏமாற்று வெளிப்படையானது. பின்னர் அது உடலுக்குள் புகுந்தது. 1965 இல் பிரான்ஸ் நாடு ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றிற்று. மறு ஆண்டு சோதனையாளர் வந்தபோது வீரர்கள் அதைத் தமக்கிழைத்த அவமதிப்பாகக் கருதி எதிர்ப்புத் தெரிவித்தனர். அதற்கடுத்த ஆண்டு, 1967 ஜூலை 13 அன்று, ஆங்கில வீரர் டாம் சிம்ப்சன் கொடிய வெயிலில் வாந்தூ மலை ஏற்றத்தில் சுருண்டு விழுந்து மாண்டார். அவர் உடலில் ஆம்ஃபிட்டமின் என்னும் ஊக்கமருந்து இருந்தது. அவருக்கு வயது 29.

எனினும் அக்காலத்து மருந்துகள் களைப்பை மறக்கச் செய்தனவேயன்றி உடலின் ஆற்றலையே மாற்றி அமைத்தன அல்ல. அதைச் செய்தது ஈ.பி.ஓ. எனப்படும் எரித்ரோபோயட்டின். நம் சிறுநீரகத்தில் இயல்பாகச் சுரந்து, செங்குருதியணுக்கள் பெருகத் தூண்டும் பொருள் இது. சிறுநீரக நோயாளிகளின் குருதிச்சோகையைத் தீர்ப்பதற்காகச் செயற்கை முறையில் ஆக்கப்பெற்று, 1989 இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. நோயாளிக்கு அமுதமான அப்பொருள், நலமுள்ளவன் உடலில் ஏறினால் குருதியில் செவ்வணுக்கள் மிகுகின்றன. தசைகளுக்குச் செல்லும் ஆக்சிஜன் மிகுகிறது. பிறர் மூச்சுத் திணறும் மலையில் அவன் முந்திச் செல்கிறான். உடன் வரும் கேடும் உண்டு. குருதி கெட்டிப்பட்டு உறையும் ஆபத்தே அது. இம்மருந்தைக் கண்டறியும் சோதனை 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டியின்போதுதான் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் திருடனுக்கு வாயில் திறந்தே கிடந்தது.

அப்பத்தாண்டில் என்ன நிகழ்ந்தது என்பதை 1998 காட்டிற்று. பந்தயம் தொடங்குமுன், பெல்ஜிய எல்லையில் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஓட்டிவந்த காரைச் சுங்கத்தார் சோதித்தனர். ஈ.பி.ஓ. முதலிய மருந்துகள் நானூறு குப்பிகளுக்கு மேல் அகப்பட்டன. அணி வெளியேற்றப்பட்டது. தொடங்கிய 189 வீரர்களில் பாரிசை அடைந்தவர் 96 பேரே. அவ்வாண்டு வென்ற இத்தாலிய வீரர் மார்கோ பந்தானி, மறு ஆண்டு தம் நாட்டுப் பந்தயமான 'ஜீரோ'வில் முதலிடத்தில் இருக்கையில், குருதியில் செவ்வணுக்களின் பங்கு வரம்பாகிய 50 விழுக்காட்டைக் கடந்ததற்காக வெளியேற்றப்பட்டார். 2004 இல் 34 வயதில் ஒரு விடுதி அறையில் தனியே மாண்டு கிடந்தார்.

இவர்களுள் இளையவர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் யான் உல்ரிச் 1997 இல் 23 வயதில் டூர் டி பிரான்ஸ் வென்றார். அவ்வெற்றியைப் பெற்ற முதல் ஜெர்மானியர் அவரே. நாடே அவரைக் கொண்டாடிற்று. அதற்கு முந்திய ஆண்டு அதே அணியில் வென்ற டென்மார்க்கின் பியார்னே ரீஸ், தாம் மருந்து உண்டே வென்றதாக 2007 இல் ஒப்புக்கொண்டார். அவ்வணியைக் கவனித்த ஃபிரைபர்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் இருவரும் அதே ஆண்டில் தம் பங்கை ஒப்புக்கொண்டனர். உல்ரிச் 2023 இல்தான் முழுமையாக வாய் திறந்தார். பிறரெல்லாம் உட்கொள்ளும்போது தாம் ஒருவர் விலகி நின்றால் வெல்ல இயலாது என எண்ணியதாகக் கூறினார். மூத்தவன் உண்கிறான், மருத்துவன் கொடுக்கிறான், மேலாளன் காணாதவன்போல் இருக்கிறான். நடுவில் நிற்கும் இளைஞன் எதைக் கற்பான்?

அடுத்து லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். புற்றுநோயை வென்று மீண்டவர்; 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றவர். தமக்கு நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தும் தாம் அகப்படவில்லை என்பதே அவர் ஓயாமல் காட்டிய கேடயம். 2012 இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உடன் ஓடிய வீரர்களின் சாட்சியங்களோடு அவ்வரலாற்றை அவிழ்த்தது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். "சோதனையில் அகப்படவில்லை" என்னும் சொல் அன்றோடு மதிப்பிழந்தது. இனி வரும் நேர்மையான இளைஞன் ஒருவன் அதே சொல்லைக் கூறினாலும், கேட்போர் செவியில் ஆம்ஸ்ட்ராங்கின் குரலே ஒலிக்கும். மூத்தோர் பட்ட கடனை இளையோர் அடைக்கின்றனர் என்று நாம் கூறுவது இதனையே.

2024 ஜூலை 14 அன்று இக்கடன் மீண்டும் நினைவுக்கு வந்தது. பிரனீசின் பிளாட்டோ த பெய் ஏற்றத்தில் பந்தானி 1998 இல் நாட்டிய வேகச் சாதனையைப் பொகாச்சார் மூன்று நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். அவரையடுத்து வந்த யோனாஸ் விங்ககோர், ரெம்கோ எவனபுல் இருவரும் அதே சாதனையைக் கடந்தனர். மருந்துண்ட தலைமுறையின் வேகத்தை மருந்துண்ணாதவர் மூவர் ஒரே நாளில் கடப்பது இயலுமா என்று கேட்டோர் பலர். மேலும் ஒரு செய்தியும் பேசப்பட்டது. பொகாச்சாரின் அணித் தலைவர் மௌரோ ஜானெட்டி, 2008 இல் வேறோர் அணியை நடத்தியவர். அவ்வணியின் 24 வயது வீரர் ரிக்கார்தோ ரிக்கோ அவ்வாண்டுப் பந்தயத்தில் புதுவகை ஈ.பி.ஓ. உட்கொண்டு பிடிபட்டு, அணியே விலக நேர்ந்தது.

இவை ஐயத்திற்குக் காரணங்கள். ஆனால் ஐயத்திற்குக் காரணம் வேறு. குற்றத்திற்குச் சான்று வேறு. 2025 முடிய நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்ற பொகாச்சார் எந்தச் சோதனையிலும் தவறியதில்லை. அவருக்கு எதிராகச் சாட்சியோ ஆவணமோ எவரும் முன்வைத்ததில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் நிலை அவ்வாறு இருந்ததில்லை. அவர் வென்றுகொண்டிருந்த காலத்திலேயே அணியின் உள்ளிருந்தோர் சிலர் பெயர் சொல்லிப் பேசியிருந்தனர்.

வேகம் மிகுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. முன்னாளில் பந்தயத்தின் நடுவே மிகக் குறைவாக உண்டவர்கள், இப்போது மணிக்கு 100 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்தை நீராகவும் கூழாகவும் உட்கொள்கின்றனர். குடலையும் அதற்குப் பழக்குகின்றனர். சைக்கிளின் வடிவமும், டயரின் அகலமும், உடையின் தையலும் காற்றின் தடையைக் குறைக்கும்படி ஆராயப்படுகின்றன. மிதியில் செலுத்தும் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் கருவி பதினாறு வயதுச் சிறுவனின் சைக்கிளிலும் இருக்கிறது. முன்பு முப்பது வயதில் அனுபவத்தால் அறிந்ததை அவன் எண்களால் அறிகிறான். இளையோர் விரைந்து முன்னேறுவதற்கு இஃது ஒரு விளக்கம். இது மட்டுமே விளக்கமா என்று கேட்டால், எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது.

சோதனை முறையின் வலிமையையும் எல்லையையும் அறிந்தால் இது தெளிவாகும். 2008 முதல் சர்வதேச சைக்கிள் சங்கம் 'உயிரியல் கடவுச்சீட்டு' என்னும் முறையை நடத்தி வருகிறது. இது மருந்தைத் தேடுவதன்று. வீரரின் குருதியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அவருடைய பழைய அளவுகளோடு புதிய அளவை ஒப்பிட்டு, இயற்கைக்கு மாறான ஏற்றத்தாழ்வைக் காண்பது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அளவுகோல். நல்ல முறைதான். ஆயினும் மிகச் சிறிய அளவில் மருந்தேற்றினால் இம்முறையின் கண்ணில் படாமல் தப்பலாம் என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். பதினெட்டு வயதில் அடியெடுத்து வைக்கும் இளைஞனுக்கோ ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவுகளே இரா. எவனைப் பற்றி உலகம் மிகுதியாக ஐயுறுகிறதோ, அவனைப் பற்றியே இக்கருவி குறைவாகக் கூற வல்லது.

மருந்துக்கும் பயிற்சிக்கும் இடையே உள்ள கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சிறிதளவு சுவாசித்துக் குருதியின் ஆற்றலை அளக்கும் முறையைச் சில அணிகள் கையாள்வது 2024 இல் வெளிவந்தது. அளப்பதற்காக ஒருமுறை சுவாசிப்பது தீங்கன்று. திரும்பத் திரும்பச் சுவாசித்தால் செவ்வணுக்களைப் பெருக்கவும் அது பயன்படக்கூடும். 2025 பிப்ரவரி முதல் சைக்கிள் சங்கம் மருத்துவ நிலையங்களுக்கு வெளியே அதனைத் தடுத்தது. நேற்று வரை விதிக்குள் இருந்தது இன்று விதிக்கு வெளியே செல்கிறது. இத்தகைய எல்லையில் ஓர் இளைஞனை நிறுத்துவோர் யார்? அவனா? அவனைச் சுற்றியுள்ள பெரியோரா?

ஐயம் தீர்ப்பாக மாறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2015 பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த கிறிஸ் ஃபுரூம் மீது சாலையோரத்தில் நின்ற ஒருவர், மருந்துண்பவன் என்று கூவி, சிறுநீரை வீசியதாக அவரே தெரிவித்தார். அவர்மீது அன்று எக்குற்றமும் நிறுவப்பட்டிருக்கவில்லை. இதனால் விளையாட்டு ஓர் அணுவளவும் தூய்மை பெறவில்லை. இதற்கு மாறாக, 2023 இல் ஐயத்துக்கு உள்ளான விங்ககோர், கேட்போரைச் சினவாமல், பழைய வரலாற்றை எண்ணினால் ஐயுறுவது இயல்பே என்றார். தம் மகளுக்குக் கொடுக்கத் துணியாத எதையும் தாம் உட்கொள்வதில்லை என்றும் கூறினார். அவர் சொல்லும் சான்றாகிவிடாது. எனினும் கேள்வி கேட்பதற்கு வீரர் இடமளித்தார் என்பது சிறு செய்தியன்று.

கேள்வியை அடக்கியதால் விளைந்த தீமைக்குக் கிறிஸ்தோஃப் பாசோனின் வரலாறே போதும். இவர் ஃபெஸ்டினா அணியில் இருந்தவர். மருந்தைத் தொடாதவர் என்று உடனிருந்த வீரர்களே விசாரணையில் சான்று பகர்ந்தனர். 1999 பந்தயத்தில் வேறோர் அணிக்காக ஓடிக்கொண்டே, பந்தயம் இன்னும் தூய்மை பெறவில்லை என்று பாரிஸ் நாளிதழ் ஒன்றில் எழுதி வந்தார். வயது 25. ஆல்ப்ஸ் மலைக் கட்டத்தில் முதலிடத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங் அவர் அருகே வந்து, இவ்வாறு பேசுவதாயின் வீட்டுக்குப் போய்விடலாம் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். உடன் வந்த வீரர் எவரும் பாசோனோடு பேசவில்லை. தம் அணியினரே விலகி நின்றனர். இரண்டொரு நாளில் மனமுடைந்து ஊர் திரும்பினார். இரண்டாண்டில் தொழில்முறைப் பந்தயத்தையே விட்டார். பிற்காலத்தில் பிரெஞ்சு அரசின் இளைஞர் விளையாட்டுத் துறையில் ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் அமர்ந்தார். 2012 இல் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிபோயின. ஆனால் பாசோன் இழந்த ஆண்டுகளை எவரும் மீட்டுத் தரவில்லை.

நாம் கூற விழைவது இதுதான். ஐயம் தகாததன்று. அது எவரை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதே கேள்வி. இருபது வயது இளைஞனின் முகத்தை நோக்கி அதனை வீசுவது எளிது. அவன் வேகமே குற்றமாகிவிடும். அவனை ஏற்றிவிட்ட மேலாளரையும், மருத்துவரையும், பணம் தருவோரையும் நோக்கிக் கேட்பதே பயனுடையது. மருத்துவக் குறிப்புகளை யார் வைத்திருக்கின்றனர்? பழைய வழக்குகளில் பெயர் அடிபட்டவர் இப்போது எப்பொறுப்பில் இருக்கின்றனர்? உண்மை கூறிய வீரனுக்கு மறு ஆண்டு வேலை உண்டா? உலக விதித்தொகுப்பும் இந்நோக்கில் ஓரடி வைத்துள்ளது. 2021 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, சிறார் பாதுகாப்புக்கு உரிய ஒருவர் அகப்பட்டால், அவரைச் சுற்றியுள்ள பயிற்சியாளர் முதலியோரையும் தாமாகவே விசாரிக்கும் கடமை தடுப்பு முகமைகளுக்கு உண்டு.

2025 இல் பதினெட்டு வயதுப் பிரெஞ்சு இளைஞர் போல் செய்ஷாஸ், இளையோர்க்குரிய பெரும் பந்தயமான 'டூர் டி லாவனீர்' வென்றார். 1985 இல் பெர்னார் இனோ வென்றதன் பின் அதுவரை பிரெஞ்சுக்காரர் எவரும் டூர் டி பிரான்ஸ் வென்றதில்லை. நாற்பதாண்டு ஏக்கம் முழுவதும் ஒரு சிறுவன் தோளில் ஏறுவது எத்துணைப் பாரம்! அவன் வென்றால் ஐயம், தோற்றால் ஏமாற்றம். இரண்டுக்கும் நடுவே மெல்ல வளர்வதற்கு அவனுக்கு இடம் தருவோர் இருந்தால், அதுவே அவனுக்குச் செய்யும் பெரும் உதவி.

இஃது ஐரோப்பியர் கதை என்று நாம் இருந்துவிட இயலாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கணக்குப்படி 2023 இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 இல் தடைப்பொருள் காணப்பட்டது. இது 3.8 விழுக்காடு, ஐயாயிரத்துக்கு மேல் மாதிரி எடுத்த நாடுகளுள் இதுவே மிகுதி. விளையாட்டுத் தகுதியால் ரயில்வேயிலும் படையிலும் போலீசிலும் வேலை கிடைக்கும் நாட்டில், பதக்கம் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. அந்நெருக்கடியில், "இதைச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் நீட்டும் பொட்டலத்தை மறுக்கும் துணிவு சிறுவனுக்கு எங்கிருந்து வரும்?

ஊரைவிட்டு ஊர் வந்து, பிள்ளையை விடியலில் மைதானத்துக்கு அனுப்பும் நம் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். உடலில் தடைப்பொருள் இருந்தால், அது எவ்வாறு வந்தது என்பது எதுவாயினும், முதலில் பொறுப்பு ஏற்க வேண்டியவர் அவ்வீரரே என்பது விதி. கடையில் விற்கும் புரோட்டீன் பவுடரில் கலந்திருந்தாலும், சளிக்குக் கொடுத்த மாத்திரையில் இருந்தாலும் அதுவே. ஆதலால் பயிற்சியாளர் தரும் ஒவ்வொரு பொருளின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல மறுப்பாராயின் அப்பொருளை மறுத்துவிடுங்கள். மருத்துவரிடம், பிள்ளை போட்டியில் கலந்துகொள்பவன் என்பதை முன்னரே கூறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை நாலாம் இடத்தில் வந்த நாளில் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அன்றைய பேச்சில் கசப்பு இருப்பின், மறுநாள் நீட்டப்படும் பொட்டலம் அவன் கண்ணுக்கு இனிப்பாகத் தோன்றும்.

பிள்ளைகளின் கேள்விக்கு நம் விடை இதுவே: "தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சான்று வரும்வரை அவர் ஓட்டத்தைக் கண்டு மகிழலாம். சான்று வந்தால் மறைக்காமல் ஏற்கலாம்." இவ்விடையால் பிள்ளைக்கு முழு நிறைவு கிட்டாது. ஆயினும் பெற்றோரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்வர் என்பதை அவன் அறிந்துகொள்வான். என்றேனும் ஒருநாள் மைதானத்தில் நடந்தது ஒன்றை வீட்டில் வந்து சொல்ல நேர்ந்தால், அவ்வறிவு அவனுக்குத் துணை செய்யும்.